பகல் காற்று

கரும்புக்குத் தீ வைப்பது எப்படி என்று தனசேகரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பொழுது இறங்க வேண்டும். பகலெல்லாம் கீழ்நாட்டிலிருந்து மலைமேல் ஏறிக்கொண்டே இருக்கும் காற்று, வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடும். பிறகு மலைக்காற்று கீழே இறங்கத் தொடங்கும். முதுகில் வியர்வை சட்டென்று ஆறுவதை வைத்தே அதைத் தெரிந்துகொள்ளலாம். அதற்கப்புறம்தான் தீப்பெட்டியைக் கையில் எடுக்க வேண்டும். அப்போது வைத்த தீ மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவந்து, வண்டிப்பாதையில் செத்துப் போகும். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கரும்பு போடுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாதவன் செய்திருந்தால் போகிறான் என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் செய்தான், அதனால்தான் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தீ வைக்காமலே வெட்டினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். கேட்கிறவர்கள் ஒரு நாள் சோகையோடு நிற்கிற கரும்புக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். காய்ந்த தாள் பிளேடு மாதிரி முகத்தைக் கீறும். சுணை பட்ட இடமெல்லாம் அரிக்கும். உள்ளே விரியன் இருக்கும், மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றி குட்டியோடு படுத்திருக்கும். முன்பு வெட்டாட்கள் பொறுத்துக்கொண்டு வெட்டினார்கள். இப்போது வெட்ட ஆளே கிடைப்பதில்லை, கிடைக்கிற ஆளும் கொளுத்திப் போட்டால்தான் கொடுவாளை எடுக்கிறான். கொளுத்திய கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து எடை போய்விடும். அதனால் மாசி பிறந்தால் போதும், அடிவாரம் முழுக்க அங்கொரு கொல்லை இங்கொரு கொல்லை என்று எரிந்துகொண்டே இருக்கும். கொடியில் காயப்போட்ட வேட்டியில் கரி. குடத்துத் தண்ணீரில் கரி. சோற்றைப் பிசைந்தால் அதிலும் கருப்புத் தாள் ஒன்று மிதந்து வந்து உட்காரும்.

தனசேகரன் குத்தகைக்கு எடுத்திருந்த கொல்லைதான் கடைசிக் கொல்லை. அதைத் தாண்டினால் மலை. இடையில் முன்பு காரைப்புதரும் உசில மரமுமாக ஒரு காடு கிடந்தது. அதையும் புல்டோசர் விட்டுத் தள்ளிக் கரும்பு போட்டாயிற்று. அந்தக் காட்டைத் தள்ளிய இடத்தைத்தான் அவன் உழுதுகொண்டிருந்தான். இப்போது கரும்பு மலையின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவனுடைய மகள் தேவதர்ஷினிக்கு மூச்சு இழுப்பு. வீசிங் என்று டாக்டர் பெயர் சொன்னார். மாசி வந்தால் பிள்ளையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாது. போன வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு வாரம் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். அப்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், புகை நேரத்தில் பிள்ளையை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்த அடிவாரத்திலேயே கிடந்தார்கள், எங்கே அனுப்புவது? கடைசியில் சின்னதுரையிடம் கேட்டான்.

சின்னதுரை மலைக்காரர். கரியாலூருக்குக் கீழே, மலைச்சரிவில் ஏழெட்டு வீடு மட்டும் இருக்கிற ஊர் அவருடையது. வருஷா வருஷம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கித் தனசேகரன் கொல்லையில் களை வெட்டிக் கொடுப்பார். மேலே கொஞ்சம் சாமை, மரவள்ளி, பட்டா நிலத்தில் கடுக்காய் மரங்கள், அவ்வளவுதான் சொத்து. கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை.

"அதுக்கின்னா சேகரு? புள்ளையையும் அதும் ஆத்தாளையும் கொண்டாந்து வுடு. எங்க வூட்ல சாமச்சோறு இருக்குது, அவரக்கொட்ட கொழம்பு இருக்குது. காத்து இருக்குது. வேற இன்னா வேணும்?"

அப்படித்தான் மாசி தொடக்கத்தில் மனைவி செந்தமிழ்ச்செல்வியையும் மகளையும் மேலே விட்டுவிட்டு வந்தான். பிள்ளைக்கு அங்கே இழுப்பே இல்லை. சின்னதுரையின் மனைவி பச்சையம்மாளைப் பெரிம்மா பெரிம்மா என்று சுற்றிக்கொண்டு, ஆட்டுக்குட்டியோடு ஓடி விளையாடுகிறது என்று செல்வி போனில் சொன்னாள். ஆனால் தினமும் அப்பனிடம் பேசும்போது மட்டும் பிள்ளைக்கு அழுகை வந்துவிடும்.

அன்று காலையும் அப்படித்தான்.

"எப்பப்பா வருவ?"

"கரும்பு வெட்டி முடிச்சதும் வந்துருவன்டா தங்கம்."

"எப்ப வெட்டுவ?"

"ஆலைலேருந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சு. ஆளுங்களும் இன்னிக்கு வராங்க. இன்னிக்கு வெச்சா நாளைக்கு வெட்டு, நாளன்னிக்கு உன்னக் கூட்டிக்கினு வந்துருவன்."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"இன்னிக்கே வெச்சிடுப்பா."

கொடுத்த வாக்கு அதுதான். பிள்ளையிடம் கொடுத்த வாக்கு.

உச்சி வெயிலில் வெட்டு மேஸ்திரி வீரமுத்து ஆட்களோடு மினி லாரியில் வந்து இறங்கினான். ரிஷிவந்தியம் பக்கத்து ஆள். இறங்கும்போதே அவசரம்.

"அண்ணே, வெச்சிடலாமா?"

"இப்பவா? இன்னாப்பா, காத்து மேல ஏறிக்கினு இருக்குது. சாயந்தரம் வெச்சிக்கலாம், இரு."

"சாயந்தரம் வரைக்கும் ஆளுங்கள எங்க குந்த வெக்கறது? சின்னசேலம் பக்கம் நாளைக்கே வரச்சொல்லி உசுர எடுக்கறாங்க. இப்ப வெச்சா பொழுதோட அரைவாசி தள்ளிட்டு, காலைல மிச்சத்த முடிச்சிட்டுப் போயிடுவோம். சாயந்தரம்னா எங்களால ஆவாது. நாங்க அங்க போயிட்டு அடுத்த வாரம் வரோம்."

"அடுத்த வாரமா?"

"அதுவும் நிச்சயம் இல்லண்ணே. ஆள் கெடைக்கறது இன்னா கதின்னு உங்களுக்கே தெரியும்."

அடுத்த வாரம் என்றால் பிள்ளை இன்னும் ஒரு வாரம் அழும். தனசேகரன் மலையைப் பார்த்தான். கரும்பின் தலைகள் எல்லாம் மேற்கே சாய்ந்து அசைந்துகொண்டிருந்தன. காற்று ஒன்றும் பலமாக இல்லை. மலையோரமாக ரெண்டு பாத்திக் கரும்பை முதலில் வெட்டிச் சோகையை வாரிவிட்டால் தீ தாண்டாது என்று கணக்குப் போட்டான். ஆட்களும் சரி என்று வெட்டி வாரிக் கொடுத்தார்கள். அவனே கையால் தீ வைத்தான். எரிவதென்னவோ ஒழுங்காகத்தான் எரிந்தது. வாரிவிட்ட இடத்தில் தீ நின்றும்விட்டது.

தரையில் ஓடுகிற தீக்குத்தான் அவன் வழி அடைத்திருந்தான். கரும்புக் கொல்லை எரியும்போது தாளெல்லாம் கங்கோடு வானத்தில் ஏறும். சாயங்காலமாக இருந்தால் ஊர்ப் பக்கம் போய் வேட்டியைக் கரியாக்கிவிட்டு அணையும். பகல் காற்று அதையெல்லாம் அள்ளிக்கொண்டு மலை ஏறியது.

வெட்டாட்கள் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன்தான் சொன்னான், "அண்ணே, அங்க மேல இன்னா பொக?"

சரிவில், காய்ந்த போதைப்புல்லில், ஒரு பீடிப்புகை அளவுக்கு எழும்பியது. தனசேகரன் ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு வீட்டளவு ஆகிவிட்டது. வேப்பங்கொப்பை ஒடித்து அடித்தான், வீரமுத்துவும் அடித்தான். இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் பற்றியது. உண்ணிச்செடிப் புதருக்குள் போனதும் அது மனுஷன் கையை விட்டுப் போய்விட்டது. புதருக்கு மேலே மூங்கில். மூங்கில் வெடிக்க ஆரம்பித்த சத்தம் கேட்டதும் வீரமுத்து கொப்பைக் கீழே போட்டான்.

"அண்ணே, இது இனிமே ஆவாது. வாங்க, நாம இங்க இருந்தா நம்ம பேருதான் அடிபடும். யாரு பார்த்தா? அடிவாரம் பூரா தெனம் பத்து கொல்ல எரியுது."

தனசேகரனின் காதில் அது விழவில்லை. தீ எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று பார்த்தான். மேலே, அந்தத் திசையில், சின்னதுரையின் ஊர்.

செல்விக்குப் போன் போட்டான். மணி அடிக்கவில்லை. மறுபடி போட்டான். மறுபடி. பைக்கை எடுத்துக்கொண்டு கோமுகி அணை வழியாக மலை ரோட்டில் ஏறினான். கடவுளே கடவுளே என்று வாய்விட்டு அரற்றிக்கொண்டே போனான். கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகள் கூட்டமாக ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன, ஹாரன் அடித்தும் நகரவில்லை. பாதி வழியில் காட்டு இலாகாக்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எம் புள்ள மேல இருக்குதுங்க சார்" என்று கத்திக்கொண்டே நிற்காமல் போனான். அவன் கடந்த கொஞ்ச நேரத்தில் தீ ஓரிடத்தில் அந்த ரோட்டைத் தாண்டி ஊர்ப் பக்கம் ஏறிவிட்டது.

ஊருக்குள் புகை வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் யாரும் இல்லை, எல்லாரும் கொப்பை எடுத்துக்கொண்டு தீக்கு எதிரே போயிருந்தார்கள். சின்னதுரை வீட்டில் பச்சையம்மாள் ஈரச்சேலையை வாசலில் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். செல்வி அவனைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"மூச்சுக்கு அடிக்கற பம்ப்பு தீந்து போச்சுங்க. அடிச்சு அடிச்சு தீந்தே போச்சு. பாருங்க, ஒதட்டப் பாருங்க."

உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. கண் அவனைப் பார்த்தது, ஆனால் பேச மூச்சு இல்லை. ஓடி விளையாடுகிறது என்று கேட்டுக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளை, வாடிய கீரைத்தண்டு மாதிரி பச்சையம்மாள் மடியில் துவண்டு கிடந்தது.

"நிக்காத தம்பி, கரியாலூருக்குத் தூக்கிக்கினு ஓடு" என்றாள் பச்சையம்மாள். "அங்க நர்சம்மா இருக்கும்."

பைக்கில் பிள்ளையை நடுவில் வைத்து, முகத்தில் ஈரத்துணி போட்டு, கரியாலூர் ஏறினார்கள். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேவிப்ரியா பிள்ளையை வாங்கி நேராகக் கட்டிலில் கிடத்தினாள். தீ கம்பியைத் தொட்டுவிடப் போகிறது என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள், மருந்துப்புகை வைக்கிற மெஷின் ஓடாது. ஊசி போட்டாள், இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மூக்கில் வைத்தாள். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. அப்புறம்தான் அவனிடம் திரும்பினாள்.

"அண்ணே, இத வெச்சிக்கினு ரொம்ப நேரம் ஓட்ட முடியாது. உடனே கள்ளக்குறிச்சி போயாவணும். நூத்தெட்டு வண்டி இங்கியே நிக்குது. ஆனா கீழ வளைவுல தீ நிக்குதாம், வண்டி போவாதுன்னு சொல்றாங்க."

"வேற வழி?"

"வேற வழி சுத்திப் போனா பொழுது விடிஞ்சிரும். இந்த சிலிண்டர் தாங்காது."

தனசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்பது எந்தத் தீ என்று அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"வளைவு வரைக்குமாவது போய் நிக்கலாம்" என்று டிரைவர் ஜெயப்பிரகாஷ் சொன்னார். "ஒரு செகண்ட் வழி கெடைச்சாலும் பூந்துருவேன். ஏறுங்க."

அந்த வளைவுக்கு மேலேயும் கீழேயும் இருந்தது சின்னதுரையின் கடுக்காய்த் தோப்பு. தீ கீழ்ச்சரிவில் வந்துகொண்டிருந்தது. தோப்புக்குள் ஏறிவிட்டால் விடிய விடிய எரியும், ரோடு திறக்காது. ஊர் ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் கரியாக, வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி விளக்கைப் பார்த்ததும் சின்னதுரை ஓடிவந்தார். புருவம் பொசுங்கியிருந்தது.

"பாப்பாவுக்கு எப்டி இருக்குது?"

"கீழ கொண்டு போவணும்ண்ணே. உடனே போவணும். இல்லன்னா..."

சின்னதுரை வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளையின் முகத்தில் ஆக்சிஜன் மூடி, செல்வி கையில் சிலிண்டர். அவர் பின்வாங்கித் தீயைப் பார்த்தார், தோப்பைப் பார்த்தார். மற்ற ஆட்களும் கொப்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அப்படி நின்றதைத் தனசேகரனால் தாங்க முடியவில்லை. யாரும் கேட்காமலே அவன் சொன்னான்:

"ரோட்ல போற எவனோ பீடியப் பத்த வெச்சிட்டுப் போட்டிருப்பான்ண்ணே. பாவி. நாசமாப் போறவன்."

ஒருவன் கீழே குனிந்து கொப்பில் இருந்த கங்கைத் தட்டினான். இன்னொருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினான். அசதியில் இருக்கிறார்கள் என்று தனசேகரன் நினைத்தான்.

சின்னதுரை ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"அடிச்சு அணைக்கறது ஆவாதுப்பா" என்றார் ஆட்களிடம். "தோப்புக்கு நாமளே வெச்சிடலாம். ரோட்டோரத்துலேருந்து வெச்சா இது எறங்கிப் போயி அத முட்டும். ரெண்டும் அங்கியே சாவும். அப்ப ரோடு தொறக்கும்."

"மாமா, மரம்?" என்றான் ஒருவன். "காய்க்கற மரம் அம்புட்டும் போயிடுமே."

"போனா போவுது. வேற இன்னா பண்ணச் சொல்ற? புள்ள உசுரு போய்க்கினு இருக்குது." அவர் தனசேகரன் பக்கம் கையை நீட்டினார். "நெருப்புப்பொட்டி இருக்குதா சேகரு?"

தனசேகரனுக்குப் பீடி சிகரெட் பழக்கம் கிடையாது. அது சின்னதுரைக்கும் தெரியும். ஆனாலும் அவனுடைய கை சட்டைப்பைக்குள் தானாகப் போய்த் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது. கொடுத்த பிறகுதான் மத்தியானம் கரும்புக்கு வைத்த பெட்டி அது என்று உறைத்தது. சின்னதுரை அதை வாங்கிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் அப்போது மலைக்குப் பின்னால் சரிந்திருந்தது. காற்று நின்றிருந்தது. அது திரும்பி இறங்குகிற வரைக்கும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வண்டிக்குள் பிள்ளை இழுக்கிற சத்தம் வெளியே கேட்டது. தனசேகரனுக்கு அந்த நேரம் ஒரு யுகம்.

இறங்கியது. சின்னதுரை குனிந்து ரோட்டோரச் சருகில் வைத்தார். அவருடைய தோப்பு, அவருடைய அப்பன் வைத்த மரங்கள். தீ கீழ்நோக்கி ஓடியது. கடுக்காய் மரங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. கீழிருந்து வந்த தீயும் மேலிருந்து போன தீயும் முட்டிக்கொண்டு ஒரு தடவை ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு எழும்பி, அப்புறம் இரண்டும் தணிந்தன. ஆட்கள் ஓடி ரோட்டில் விழுந்து கிடந்த கொள்ளிகளை இழுத்துப் போட்டார்கள்.

"போ, போ, போ!" என்று சின்னதுரை வண்டியின் முதுகில் அடித்தார். "சேகரு, ஏறு! புள்ளயப் பாரு, போ!"

வண்டி கங்குகளின் மேல் ஏறி இறங்கி ஓடியது. ஜன்னல் கண்ணாடி சுட்டது. தனசேகரன் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். எரிந்த தோப்பின் நடுவில் அந்த ஆட்கள் கொப்போடு நின்றார்கள், ஊருக்கு மேலே இன்னும் தீ இருந்தது, அதை அடிக்கத் திரும்பி நடந்தார்கள்.

"என் மேல இவ்ளோ பிரியம் வெச்சிருக்காங்களே" என்று அவன் தேம்பினான். "அந்த மனுசன் சொத்தையே கொளுத்திட்டாரே செல்வி."

செல்வி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது அவளுக்கு அப்போது வெடித்தது.

"பீடின்னு ஏங்க சொன்னீங்க?"

"இன்னா?"

"அவங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்." அவள் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள். "நீங்க காலைல போன்ல சொன்னதுலேருந்து இது அந்த ஊரோரப் பாறைய வுட்டு எறங்கவே இல்ல. அங்க நின்னா நம்ம கொல்ல நல்லாத் தெரியும். மத்தியானம் பொக கெளம்புனதும் ஊரையே கூப்ட்டுக் காட்டுச்சு. பெரிப்பா வாங்க, பெரிம்மா வாங்க, எங்கப்பா வெச்சிட்டாரு, நாளன்னிக்கு வந்துருவாரு, நான் வூட்டுக்குப் போறன்னு ஒரே குதி. கையத் தட்டுது. எல்லாரும் சிரிச்சிக்கினு நின்னு பார்த்தாங்க. அந்தப் பொக அப்படியே மேல ஏறி வந்ததையும் அங்கியே நின்னுதாங்க பார்த்தாங்க."

பீடி என்று அவன் சொன்னபோது கொப்பைத் தட்டியவன், துப்பியவன், தீப்பெட்டிக்குக் கை நீட்டிய சின்னதுரை, ஒவ்வொரு முகமாக அவன் கண்முன் வந்தது. தெரிந்தே நின்றிருக்கிறார்கள். தெரிந்தே கேட்டிருக்கிறார்.

"நிறுத்துங்க!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினான். "வண்டிய நிறுத்துங்க, ஒரு நிமிசம். நான் எறங்கணும். அவங்ககிட்ட சொல்லிட்டு வந்தர்றன்."

"இன்னா அண்ணே ஆச்சு உங்களுக்கு?" ஜெயப்பிரகாஷ் திரும்பாமலே அதட்டினார். "சிலிண்டர் முள்ளு எங்க நிக்குது பாருங்க. நிறுத்தணுமா?"

தனசேகரன் முள்ளைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான்.

"இல்ல. போங்க. சீக்கிரம் போங்க."

அணையைத் தாண்டி அடிவாரத்துக்கு வந்ததும் சமதரையில் வண்டி வேகம் பிடித்தது. மலைக்காற்று இறங்கிவிட்ட நேரம். ரோட்டின் இரண்டு பக்கமும், முறைப்படி, நேரம் பார்த்து, கொல்லைகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். புகை வண்டிக்குள்ளும் வந்தது. செல்வி முந்தானையை உருவி ஜன்னல் இடுக்கில் திணித்தாள்.

தேவதர்ஷினி கண்ணைத் திறந்தாள். மூடிக்குள் உதடு அசைந்தது. தனசேகரன் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்துப் பிள்ளை கேட்டது.

"நம்ம... கொல்ல... எரிஞ்சு முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதும்மா."

"அப்ப... வூட்டுக்குப்... போலாமா?"

அவன் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போலாம் போலாம் என்று தலையை ஆட்டினான். வெளியே அவனுடைய ஊர் தெரியவே இல்லை, அவ்வளவு புகை.